காதுக்காரர்களும் வாய்க்காரர்களும்

'மரம்' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். (பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால் முணுமுணுத்தால் போதும்.) கடைசியில் இரண்டு உதடும் மூடிக்கொள்கிறது இல்லையா? இப்போது 'மரங்கள்'. உதடு மூடவே இல்லை. அந்த 'ம்' எங்கே போச்சு?

அடுத்து வரப்போவது 'க'. அதற்கு நாக்கின் பின்பக்கம் எழும்பி மேலே ஒட்ட வேண்டும். எப்படியும் அங்கேதான் போகப் போகிறோம், மூக்கொலியையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று நாக்கு ஒரு குறுக்குவழி போட்டுவிடுகிறது. ம் ங் ஆகிவிட்டது. 'மரந்தான்' என்னும்போது அதே ம் பல்லுக்குப் போய் ந் ஆகிறது. 'மரஞ்செடி' என்றால் ஞ். நம்ம இலக்கணக்காரர்கள் இதையெல்லாம் புணர்ச்சி என்று பெயர் வைத்து, எழுதும்போதும் அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்கள். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஒரு முழு இயலே இருக்கிறது. மூச்சு எங்கிருந்து கிளம்புகிறது, மிடறு, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் இதெல்லாம் எந்த ஒலிக்கு என்ன வேலை செய்கிறது என்பதுதான் அதில் விஷயம். எழுத்து என்பது காதில் விழும் சத்தம் மட்டுமில்லை, வாய் செய்கிற ஒரு வேலை என்கிற பார்வை அது.

கம்ப்யூட்டருக்குப் பேச்சைப் புரியவைக்கக் கிளம்பியவர்கள் நடுவே எழுபது வருஷத்துக்கும் மேலாக நடக்கும் சண்டையும் இதுதான். பேச்சு என்பது சத்தமா, அசைவா? மெஷினுக்குக் காது மட்டும் கொடுத்தால் போதுமா, வாய் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிக்கொடுக்கணுமா? என் வசதிக்கு இவர்களைக் காதுக்காரர்கள், வாய்க்காரர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஜெயித்தது காதுக்காரர்கள். ஆனால் வாய்க்காரர்களின் கதைதான் சுவாரசியம், எனக்கு.

கதை கம்ப்யூட்டருக்கு ரொம்ப முன்னால் ஆரம்பிக்கிறது. வோல்ஃப்காங் ஃபான் கெம்பலன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், செஸ் ஆடும் துருக்கி பொம்மை செய்து ஐரோப்பாவை ஏமாற்றிய ஆசாமி. பொம்மைக்குள்ளே ஒரு ஆள் ஒளிந்திருந்து காய் நகர்த்துவார். அதே கெம்பலன் 1769 முதல் சுமார் இருபது வருஷம், எந்தப் பித்தலாட்டமும் இல்லாமல், இன்னொரு மெஷின் செய்துகொண்டிருந்தார். பேசும் மெஷின். நுரையீரலுக்கு ஒரு துருத்தி. குரல்வளைக்கு ஒரு சீவாளி. வாய்க்கு ரப்பர் புனல். மூக்குக்கு இரண்டு ஓட்டை. வலது முழங்கையால் துருத்தியை அமுக்கி, இடது உள்ளங்கையால் ரப்பர் வாயை மூடித் திறந்தால் சின்னச் சின்ன வார்த்தைகள் வரும். நாதஸ்வரம் வாசிப்பவர்களுக்கு இதன் பாதி தத்துவம் சொல்லாமலே புரிந்துவிடும். 1791-இல் மனிதப் பேச்சின் இயக்கம் பற்றி ஒரு தடிமனான புத்தகமும் போட்டார். ஆனால் உலகம் நினைவு வைத்துக்கொண்டதென்னவோ அந்த ஏமாற்று பொம்மையைத்தான்.

புத்தகத்தைப் படித்து சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி மெஷினைத் திரும்பக் கட்டினார். 1863-இல் பதினாறு வயசுப் பையன் ஒருவனை அவன் அப்பா கூட்டிப்போய் அதைக் காட்டினார். பையன் பெயர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். வீட்டுக்கு வந்து அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து ஒரு பேசும் தலை செய்தார்கள். அது குழந்தை மாதிரி 'மாமா' என்று கத்த (அங்கே அது அம்மாவைக் கூப்பிடுவது), அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்களாம். அதோடு விட்டானா பையன்? வீட்டு நாயை உறுமப் பழக்கி, அது உறுமும்போது அதன் வாயையும் தொண்டையையும் கையால் பிசைந்து, 'எப்படி இருக்கீங்க பாட்டி' என்பது மாதிரி ஒரு ஆங்கில வாக்கியத்தை வரவழைத்தான். நாய் சத்தம் மட்டும்தான் கொடுத்தது. பேச்சைச் செய்தது கை. அந்தக் காட்சியை நான் மறக்கவே மாட்டேன், நேரில் பார்த்த மாதிரி.

பெல்லின் அப்பா மெல்வில் பெல் இன்னொரு ரகம். 1867-இல் 'கண்ணுக்குத் தெரியும் பேச்சு' என்ற பொருளில் ஒரு எழுத்துமுறையை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு எழுத்தும் நாக்கு எங்கே, உதடு எப்படி, தொண்டை திறந்தா மூடியா என்பதைக் காட்டும் படம். மேடையில் செய்முறை விளக்கம் வைப்பார். பையனை வெளியே அனுப்பிவிட்டு, சபையில் இருப்பவர்களிடம் தெரியாத பாஷையில் ஒரு வார்த்தை, கொட்டாவி, தும்மல், எதை வேண்டுமானாலும் கேட்டு எழுதிக்கொள்வார். பையன் உள்ளே வந்து எழுதியதைப் பார்த்து அப்படியே சத்தம் எழுப்புவான். பின்னால் அமெரிக்கா போய் அவன் காது கேளாத குழந்தைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்ததும் இதே முறையில்தான். டெலிபோன் கண்டுபிடித்தவரின் குடும்பமே வாய்க்காரக் குடும்பம்.

அந்தப் பெல் பெயரில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் அடுத்த ஆள். ஹோமர் டட்லி. இவர் செய்த வோடர் என்ற மெஷினை 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்தார்கள். ஒரு பெண் பியானோ மாதிரி ஒன்றின் முன் உட்கார்ந்து வாசிப்பார், அது பேசும். விரல்களுக்குப் பத்து கட்டை, மணிக்கட்டில் ஒரு தடி, காலில் சுருதிக்கு ஒரு மிதிகட்டை. முந்நூறு டெலிபோன் ஆபரேட்டர்களுக்கு மேல் பார்த்து இருபத்துச் சொச்சம் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசிக்கப் பழக ஒரு வருஷம் ஆச்சாம். குழந்தைகள் ஓசிச் சோறு தின்றுகொண்டே கற்றுக்கொள்கிற வித்தை :-)

வேடிக்கை அது. விஷயம் 1940-இல் டட்லி எழுதிய ஒரு கட்டுரையில் இருக்கிறது. ரேடியோவில் என்ன நடக்கிறது? ஒரு வேகமான அலை சும்மா ஓடிக்கொண்டிருக்கும், அதன் முதுகில் பாட்டையோ செய்தியையோ ஏற்றி அனுப்புகிறோம். அலை வெறும் வாகனம். பேச்சும் அப்படித்தான் என்றார் டட்லி. தொண்டையில் வரும் ரீங்காரம் வெறும் வாகனம். அதில் செய்தி இல்லை. செய்தி முழுக்க நாக்கும் உதடும் தாடையும் செய்யும் மெதுவான அசைவுகளில் இருக்கிறது. அந்த அசைவுகள் வினாடிக்குப் பத்து தடவைக்கு மேல் போவதில்லை. அவ்வளவு மெதுவானவை காதுக்குக் கேட்காது. அதனால்தான் கேட்கக்கூடிய ஒரு சத்தத்தின் மேல் ஏறி வருகின்றன.

எனக்குத் தெரிந்து பேச்சைப் பற்றிச் சொன்னதிலேயே இதைவிட அழகான யோசனை இல்லை. வெறும் யோசனையும் இல்லை. டெலிபோன் கம்பியில் பேச்சுக்குத் தேவைப்பட்ட அலைவரிசையை இதை வைத்துப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிக் காட்டினார். யுத்த சமயத்தில் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே 1943-இல் தொடங்கிய ரகசிய டெலிபோன் இந்தத் தத்துவத்தில்தான் வேலை செய்தது.

ஆனால் பேச்சைப் புரிந்துகொள்ளும் மெஷின் என்று வந்தபோது அதே கூடம் காதுப் பக்கம் சாய்ந்தது. 1952-இல் ஆட்ரி. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் புரிந்துகொள்ளும். பழகிய குரலாக இருந்தால் நூற்றுக்கு 97-க்கு மேல் சரி. வேறு ஆள் பேசினால் தடுமாறும். குரலில் எந்த எந்த அதிர்வெண்ணில் பலம் அதிகம் என்று பார்த்து, அச்சு மாதிரி பொருத்திப் பார்க்கும், அவ்வளவுதான். இதை அப்படியே நீட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அச்சு வைத்துவிட்டால் எல்லாப் பேச்சையும் படித்துவிடலாமே?

அது முடியாது என்று காட்டியவர்கள் ஹாஸ்கின்ஸ் ஆராய்ச்சிக்கூடக்காரர்கள். அவர்கள் கிளம்பியது வேறு வேலைக்கு. யுத்தத்தில் கண் போனவர்களுக்காகப் புத்தகம் படிக்கும் மெஷின். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தனி சத்தம் வைத்தால் காதால் படித்துவிடலாம் என்று நினைத்தார்கள். எத்தனை விதமாக மாற்றினாலும் தந்தி வேகத்தைத் தாண்டவில்லை. பேச்சில் மட்டும் வினாடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகளை நாம் சர்வ சாதாரணமாக வாங்கிக்கொள்கிறோமே, எப்படி? ஃபிராங்க்ளின் கூப்பர் ஒரு கருவி செய்தார். பேச்சின் அதிர்வெண் பட்டைப் படத்தைப் பிரஷ்ஷால் வரைந்து கொடுத்தால் அது திருப்பி ஒலியாக்கும். ஆல்வின் லிபர்மன் கூட்டத்தார் அதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து, அழித்து, கேட்டுப் பார்த்தார்கள்.

கிடைத்த விடை விசித்திரமானது. 'டி' என்று கேட்க வேண்டுமானால் இரண்டாவது பட்டை 2200 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 2600-க்கு ஏற வேண்டும். 'டு' என்று கேட்க வேண்டுமானால் 1200-இல் ஆரம்பித்து 700-க்கு இறங்க வேண்டும். ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, ஆரம்பிக்கும் இடமே வேறு. காகிதத்தில் இரண்டுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. காதுக்கோ இரண்டிலும் முதலில் வருவது ஒரே ட் தான். சரி, இரண்டிலும் பொதுவாக இருப்பது என்ன? வாயைப் பாருங்கள்: நாக்கு நுனி ஒரே இடத்தைத் தொட்டுவிட்டு விலகுகிறது. சத்தத்தில் ஒற்றுமை இல்லை, அசைவில் இருக்கிறது. இதிலிருந்து லிபர்மன், பேச்சைக் கேட்கிறோம் என்றால் பேசியவரின் வாயசைவைத்தான் உணர்கிறோம் என்ற கொள்கைக்கே போய்விட்டார். அது கொஞ்சம் அதிகப்படி என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. என் கட்சி கேட்டால், கொள்கையில் பாதியை வைத்துக்கொண்டு பாதியை விட்டுவிடலாம்.

சார்ல்ஸ் ஹாக்கெட் என்ற மொழியியல்காரர் 1955-இல் இதற்கு ஒரு உவமை சொன்னார். வண்ணம் பூசிய பச்சை முட்டைகளை வரிசையாக ஒரு பெல்ட்டில் வைத்து, துணி பிழியும் உருளைக்குள் விடுங்கள். அந்தப் பக்கம் வரும் கூழைப் பார்த்து, எந்த முட்டைக்குப் பின் எந்த முட்டை வந்தது என்று சொல்ல வேண்டும். முட்டை எழுத்து, உருளை வாய், கூழ் பேச்சு. (எங்கள் தெருமுனை கரும்பு ஜூஸ் மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

அப்படியானால் உருளை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் கூழிலிருந்து முட்டைக்குப் போகலாமே? 1962-இல் மோரிஸ் ஹாலேயும் கென்னத் ஸ்டீவன்ஸும் எம்ஐடியிலிருந்து இப்படித்தான் ஒரு திட்டம் போட்டார்கள். மெஷின் ஒரு சத்தத்தைக் கேட்கட்டும். இது இன்ன வார்த்தையாக இருக்கலாம் என்று ஊகிக்கட்டும். தானே மனசுக்குள் அதைப் பேசிப் பார்க்கட்டும். ஒத்துப்போனால் சரி, இல்லாவிட்டால் அடுத்த ஊகம். கேட்பதற்கே பேசத் தெரிய வேண்டும்! கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. கஷ்டம் என்னவென்றால், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் ஒரு ஊகத்தைப் பேசிப் பார்ப்பதற்குள் நமக்கு நரைத்துவிடும்.

இன்னொரு கஷ்டம் அடிப்படையானது. பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் பேசுகிறவரைப் பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? அவர் உதட்டு வேலையை நாக்கை வைத்துச் சமாளிக்கிறார். அதாவது கிட்டத்தட்ட ஒரே சத்தத்தை இரண்டு மூன்று விதமான வாயமைப்பில் எழுப்ப முடியும். அப்படியானால் சத்தத்தைக் கொடுத்து வாயைக் கண்டுபிடி என்றால் ஒரு கேள்விக்குப் பல விடை. 1978-இல் பிஷ்ணு அடல் குழுவினர் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான வாய் வடிவங்களை உருவாக்கி, அவை எழுப்பும் ஒலிகளை வரிசைப்படுத்திப் பார்த்து இதை உறுதிசெய்தார்கள். அடல் நம்ம ஊர்க்காரர், லக்னோவிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் படித்துவிட்டு பெல் கூடத்துக்குப் போனவர். செல்போன் பேச்சைச் சுருக்கி அனுப்பும் வித்தைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர்.

இதற்கு நடுவில் 1969-இல் ஜான் பியர்ஸ் ஒரு குண்டு போட்டார். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் என்று பெயர் வைத்தவர், பெல் கூடத்துப் பெரிய தலை. பேச்சறிதல் ஆராய்ச்சி என்பது தண்ணீரைப் பெட்ரோலாக்குகிறேன், கடலிலிருந்து தங்கம் எடுக்கிறேன் என்கிற ரகம் என்று ஒரு ஆராய்ச்சிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவர் கூடத்திலேயே அந்த வேலை கொஞ்ச காலம் படுத்துவிட்டது.

எழுந்து வந்தபோது ஆட்டம் மாறியிருந்தது. எழுபதுகளில் ஐபிஎம்மில் ஃப்ரெட் ஜெலினெக். கார்னகி மெலனில் ஜேம்ஸ் பேக்கர். இவர்கள் வாயையும் பார்க்கவில்லை, காதையும் பெரிதாகப் பார்க்கவில்லை. கணக்கைப் பார்த்தார்கள். நிறையப் பேச்சு, அதற்கு நேராக எழுத்து, இரண்டையும் கொடுத்தால் எந்தச் சத்தத்துக்கு எந்த எழுத்து என்பதன் சாத்தியக்கூறை மெஷினே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஒரு மொழியியல்காரரை வேலையிலிருந்து அனுப்பும்போதெல்லாம் மெஷின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று ஜெலினெக் சொன்னதாக ஒரு ஜோக் பல வடிவங்களில் உலவுகிறது. விமானம் பறக்கிறது, பறவை மாதிரி இறக்கையை அடிக்கிறதா என்ன, என்பது இந்தக் கட்சியின் வாதம்.

நம்ம 'மரங்கள்' பிரச்சினைக்கு இவர்கள் செய்த வைத்தியம் முரட்டு வைத்தியம். க-வுக்கு முன்னால் வரும் ம் ஒரு சரக்கு, த-வுக்கு முன்னால் வரும் ம் வேறு சரக்கு என்று ஒவ்வொரு ஒலியையும் அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்துத் தனித்தனியாக வைத்துக்கொண்டார்கள். நாற்பது ஒலி பல்லாயிரம் துண்டாகிவிடும். ஆனால் ஏன் மாறுகிறது என்று யோசிக்க வேண்டியதில்லை. வேலை ஆகிறது, அப்புறம் என்ன?

இதில் ஒரு நகைமுரண். பால் மெர்மல்ஸ்டைன் என்பவர் 1973-இல் பேசும் வாயின் குறுக்குவெட்டை, தாடை, நாக்கு, உதடு எல்லாவற்றையும் கணக்காக்கி ஒரு மாதிரி வெளியிட்டார். வாய்க்காரர்களுக்கு அது வேதம். அதே மெர்மல்ஸ்டைன் 1980-இல் டேவிஸுடன் சேர்ந்து, சத்தத்தைக் காதின் போக்குக்குச் சரிசெய்து பதிமூன்று சொச்சம் எண்ணாகச் சுருக்கும் முறைக்கு ஆதாரமான கட்டுரையை வெளியிட்டார். அடுத்த முப்பது வருஷம் உலகத்தின் பேச்சறியும் மெஷின்களில் பெரும்பாலானவை உள்ளே வாங்கியது அந்த எண்களைத்தான். வாயை வரைந்த கையே வாயை மறக்கவும் வழி செய்தது.

ஆனாலும் வாய்க்காரர்கள் விடவில்லை. அவர்களிடம் ஒரு நல்ல துருப்புச்சீட்டு இருந்தது. நாக்கில் சின்னச் சின்னத் தங்க உருண்டைகளை ஒட்டி, மெல்லிய எக்ஸ்ரே கதிரால் அவற்றைத் துரத்தும் கருவி வந்திருந்தது. ஒருவரை ஆங்கிலத்தில் 'பெர்ஃபெக்ட் மெமரி' என்று சொல்லச் சொன்னார்கள். தனித்தனியாகச் சொன்னால் 'ட்' நன்றாகக் கேட்கிறது. சேர்த்து வேகமாகச் சொன்னால் கேட்கவில்லை, 'பெர்ஃபெக்மெமரி'. சத்தத்தை வைத்துப் பார்த்தால் ட் விழுந்துவிட்டது என்றுதான் யாரும் எழுதுவார்கள். ஆனால் உருண்டைகளைப் பார்த்தால், நாக்கு நுனி ஒழுங்காக மேலே போய் ட் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது! அதற்குள் ம-வுக்காக உதடு மூடிக்கொண்டதால் சத்தம் வெளியே வரவில்லை. கதவைச் சாத்தியபின் உள்ளே மணி அடித்த மாதிரி. காதரின் பிரவுமனும் லூயிஸ் கோல்ட்ஸ்டைனும் இப்படிப்பட்ட உதாரணங்களை வைத்து, பேச்சின் செங்கல் ஒலி இல்லை, அசைவு என்று ஒரு முழு இயலே கட்டினார்கள். எழுத்து விழுவதில்லை, கூடுவதுமில்லை. அசைவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளில் இதையெல்லாம் மெஷினுக்குள் கொண்டுபோகப் பலர் முயன்றார்கள். எடின்பரோவில் 1999-இல் இரண்டு பேரின் நாக்கிலும் உதட்டிலும் சிறு கம்பிச்சுருள்களை ஒட்டி, காந்தப் புலத்தில் உட்காரவைத்து, 460 ஆங்கில வாக்கியங்களைப் படிக்கவைத்துப் பதிவு செய்தார்கள். இன்றுவரை அதை ஆராய்ச்சிக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதே வருஷம் ஜெர்மனியில் கத்ரின் கிர்ஷ்ஹோஃப், உதடு மூடியதா, குரல் உண்டா, மூக்கு திறந்ததா என்று சத்தத்திலிருந்து தனித்தனியாக ஊகித்து மெஷினுக்குக் கொடுத்தார். அமைதியான அறையில் பெரிய லாபம் இல்லை. இரைச்சலிலும் எதிரொலியிலும் நல்ல பலன். எம்ஐடியில் கரென் லிவெஸ்கு 2005-இல், உதடும் நாக்கும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடட்டும், கொஞ்சம் முன்னே பின்னே போகட்டும் என்று விட்டுப் பிடிக்கும் ஒரு கணித மாதிரி செய்தார். 2010 வாக்கில் மேரிலாந்தில் விக்ரம்ஜித் மித்ரா குழுவினர் செய்ததிலும் இரைச்சலில்தான் லாபம். இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இரைச்சல் சத்தத்தைக் கெடுக்கும். ஆனால் இப்போது இங்கே இருந்த நாக்கு அடுத்த கணம் எங்கே இருக்க முடியும் என்பதை எந்த இரைச்சலும் மாற்றாது. நாக்கு தசை. தாவ முடியாது, நகரத்தான் முடியும்.

நம்ம பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட் முதலானவர்களோடு சேர்ந்து, 1999-இல் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் எம்ஆர்ஐயிலும் காந்தக் கருவியிலும் அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ழ-வுக்காக மேடையில் உயிரைவிடுகிறவர்கள் எத்தனை பேர் அந்தப் படங்களைப் பார்த்திருப்பார்களோ, தெரியாது. பிறகு தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர் குழு, ஆள் பேசும்போதே நாக்கு முழுவதும் அசைவதை எம்ஆர்ஐயில் சினிமாவாகப் பிடித்தது. உருண்டை ஒட்டினால் நாலைந்து புள்ளிதான் தெரியும். இதில் தொண்டைக்குழி வரை தெரிகிறது. நெட்டில் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள். சாப்பிட்டபின் வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் தோற்றார்கள். காரணம் எளிது. சத்தம் பதிவு செய்ய ஒரு மைக் போதும். வாயைப் பதிவு செய்ய ஆஸ்பத்திரி வேண்டும். ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான மணி நேரம், இன்னொரு பக்கம் இரண்டு பேர், 460 வாக்கியம். லி டெங் என்பவரின் கதை போதும். தொண்ணூறுகள் முழுக்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வாயசைவுகளை மெஷினுக்குப் புகட்டுவதில் முன்னணியில் நின்றவர். 2009-இல் ஜெஃப்ரி ஹிண்டனோடு சேர்ந்து பேச்சறிதலுக்குள் ஆழமான நியூரல் நெட்வொர்க்கைக் கொண்டுவந்தவர்களில் ஒருவரும் அவரே. அதன்பின் ஒரே பாய்ச்சல்தான். 2016-இல் டெலிபோன் உரையாடலில் நூறு வார்த்தைக்கு 5.9 தப்பு, கேட்டு எழுதும் தொழில்காரர்கள் அளவுக்கு வந்தாச்சு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2022-இல் வந்த விஸ்பருக்குக் கொடுத்த பேச்சு 6,80,000 மணி நேரம். எழுபத்தேழு வருஷம் நிறுத்தாமல் கேட்டால் முடியும்.

இங்கே என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து மூன்று வருஷம் ஆகிறது. புத்தி கத்தி மாதிரி இருக்கிறது, நாக்குதான் சொன்னபடி கேட்பதில்லை. கை நடுங்குவதால் டைப் அடிக்க முடியாது. செல்போனில் பேசினால் அதுவே எழுதும் என்று ஆசையாக அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். 'மோர் கொண்டா' என்றார். அது வேறு எதையோ எழுதியது. நாலு தடவை முயன்றுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். சமையல்கட்டிலிருந்து வந்த பெரியம்மா, "மோர் கேக்கறார்டா, இதுகூடப் புரியலையா உனக்கு?" என்றாள். அவளுக்கு எந்த எழுத்தில் அவர் நாக்கு தங்கும், எதற்குப் பிறகு எது நழுவும் என்று தெரிந்திருக்கிறது. அவள் கேட்பது அவர் போட்ட சத்தத்தை இல்லை, போக நினைத்த இடத்தை. அவர் வேறு அறையிலிருந்து பேசினால் அவளுக்கும் தடுமாறுகிறது, முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆறு லட்சம் மணி நேரத்தில் பெரியப்பா மாதிரி ஆட்கள் எத்தனை நிமிஷம் இருப்பார்கள்? கணக்கு ஜெயிப்பது நிறையச் சரக்கு இருக்கும் இடத்தில். இல்லாத இடத்தில் வாயைப் பற்றிய அறிவு உதவுமா என்று பார்த்தவர் டொரோன்டோவில் ஃபிராங்க் ருட்சிச். மூளை வாதத்தாலோ ஏஎல்எஸ் நோயாலோ பேச்சுக் குழறியவர்களின் சத்தத்தோடு நாக்கசைவையும் சேர்த்துப் பதிந்து, டோர்கோ என்ற பெயரில் ஒரு தொகுப்பு செய்தார். 2011-இல் வாயசைவைக் கணக்கில் எடுத்த மாதிரிகள் குழறல் பேச்சில் கூடுதலாகச் சரி சொல்கின்றன என்று காட்டினார். பெரியம்மாவின் வித்தையில் கொஞ்சம் மெஷினுக்கு வந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் இப்படி ஒன்று பெரிய அளவில் வந்தால் முதலில் பெரியப்பாவுக்குத்தான் சொல்லுவேன்.

காதுக்காரர்களின் மெஷினுக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டார்கள். வெறும் சத்தத்தை மட்டும் கேட்டு, எழுத்துகூடத் தெரியாமல், தானே பழகிய நியூரல் நெட்வொர்க்குகள் இப்போது உண்டு. 2023-இல் பெர்க்லியில் கோபால அனுமஞ்சிபள்ளி குழுவினர், அவற்றின் உள்ளே ஓடும் எண்களை எடுத்து, நாக்கில் சுருள் ஒட்டிப் பதிந்த அசைவுகளோடு ஒப்பிட்டார்கள். எளிமையான ஒரு நேர்கோட்டுக் கணக்கிலேயே பொருந்தியது. எந்த மெஷின் நன்றாக வேலை செய்கிறதோ அதில் இன்னும் நன்றாகப் பொருந்தியது. யாரும் சொல்லித்தராமலே அது தனக்குள் ஒரு நாக்கை வளர்த்து வைத்திருக்கிறது. டட்லி இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

அதே அனுமஞ்சிபள்ளி 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எட்வர்ட் சாங்குடன் செய்த வேலை இன்னொன்று. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்வாய்கள் வைக்கப்பட்டிருந்த ஐந்து பேர் வாக்கியங்களைப் பேசும்போது பதிவு செய்தார்கள். மூளையிலிருந்து நேராகச் சத்தத்துக்குப் போக முயன்றதைவிட, மூளையிலிருந்து முதலில் வாயசைவுக்கு, அதிலிருந்து சத்தத்துக்கு என்று இரண்டு படியாகப் போனபோது பேச்சு தெளிவாக வந்தது. மூளையின் அந்தப் பகுதி அனுப்பும் உத்தரவு சத்தத்துக்கானது இல்லை, தசைகளுக்கானது. 2023-இல் சாங்கின் குழு, மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்ட ஒரு பெண்ணின் மூளையில் 253 மின்வாய்கள் கொண்ட தகடு வைத்தது. அதுவரை அவர் தலையசைத்து இயக்கிய கருவியில் நிமிஷத்துக்குப் பதினாலு வார்த்தை. இதில் எழுபத்தெட்டு. அவர் பேச முயலும்போது திரையில் ஒரு முகம் உதட்டையும் தாடையையும் நாக்கையும் அசைத்துப் பேசியது. குரல் அவர் கல்யாண வீடியோவிலிருந்து எடுத்தது.